கீழ்த்தளத்துக் கழிப்பறைச் சாவி

1

நான் கனடாவுக்கு வந்து இறங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில் ஊரிலிருக்கும் நண்பர்களுக்காக எதையாவது எழுதுவேன். முதல் பனியைப் பற்றி எழுதியிருக்கிறேன். இங்கே வாடகை மண்டபத்தில் பொங்கல் கொண்டாடும் கூத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த வருடம் கழிப்பறையைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஒரு விஷயம். நான் இங்கே லாரி ஓட்டுகிறேன். பதினெட்டுச் சக்கர லாரி. இத்தனை வருடக் குறிப்புகளில் ஒரு இடத்தில்கூட இதை நான் எழுதியதில்லை, தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. 'வேலை முடிந்து வரும் வழியில்' என்று எழுதியிருப்பேன். என்ன வேலை என்று எழுதியிருக்க மாட்டேன். மயிலாப்பூரில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்திய வாத்தியாரின் மகன் நான். பி.காம். படித்தவன். சொந்தக்காரர்கள் கேட்டால் 'லாஜிஸ்டிக்ஸ்' என்பேன். மகளின் பள்ளிக்கூடத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்திலும் அதையேதான் எழுதினேன். லாரி ஓட்டுவதற்கு வெட்கமா என்று கேட்டால், ஆமாம், வெட்கம்தான். அந்த வெட்கத்தின் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2

வேளச்சேரியில் எனக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. குடித்தனம் விட்டிருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓனர் என்ற முறையில் நானும் இருக்கிறேன். 'சேவியர் சார், கனடா' என்றால் அங்கே ஒரு மரியாதை உண்டு.

குரூப்பை நடத்துபவர் செக்ரட்டரி சபாபதி. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தீர்மானமாக நிறைவேற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. லிஃப்ட் சர்வீஸ், சம்ப் தொட்டி கழுவுவது, மார்கழிக் கோலத்துக்கு யார் பொறுப்பு என்று எது வந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'சம்மதிப்பவர்கள் கட்டைவிரல் போடவும்.' கட்டைவிரல்களை எண்ணி, பாதிக்கு மேல் வந்தால் தீர்மானம் பாஸ். கூட்டம் போடுவதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு இது மிகவும் வசதி. அவர் செய்தி வரும்போது எனக்குக் காலை எட்டு மணி இருக்கும். ஏதாவது ஒரு கிடங்கின் வாசலில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். படிக்காமலேயே கட்டைவிரலை அழுத்திவிடுவேன். நானும் உயிரோடு இருக்கிறேன், ஊரை மறக்கவில்லை என்று காட்டிக்கொள்ள அது போதும் என்று நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு நாள் அப்படித்தான் அழுத்தினேன். அன்றைக்கு என் அவசரம் வேறு. அந்தக் கிடங்கில் மூன்று மணி நேரமாக நிற்கிறேன். சரக்கு இறக்கக் கூப்பிடவில்லை. உள்ளே கழிப்பறை இருக்கிறது, கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. சரக்கு கொண்டுவருபவருக்குக் கழிப்பறை தர வேண்டும் என்று இந்த மாகாணத்தில் சட்டமே உண்டு. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, அந்தக் கதவிலும் காகிதம்தான் இருக்கிறது, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பெண் கதவுக் காகிதத்தைத்தான் காட்டுவாள். நான் கேட்டால், என் ஆங்கிலம் விளங்காத மாதிரி நெற்றியைச் சுருக்குவாள். கழிப்பறை எங்கே என்ற கேள்வியில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? லாரிக்குத் திரும்பினேன். திரையை இழுத்துவிட்டுப் பாட்டிலில் போனேன். நாற்பத்தெட்டு வயது ஆம்பளை. மூடியைத் திருகி, பையில் சுற்றி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். செக்ரட்டரியின் செய்தி வந்திருந்தது. கட்டைவிரல்.

3

லாரி டிரைவர்கள் போடும் வீடியோக்களை நான் பார்ப்பதுண்டு. ஒளிந்துதான் பார்ப்பேன், லைக் போட மாட்டேன். இங்கே பஞ்சாபிக்காரர்கள் போடுகிறார்கள், வெள்ளைக்காரப் பெண்கள்கூடப் போடுகிறார்கள். எந்தக் கிடங்கில் எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள், எங்கே கழிப்பறை உண்டு, எந்த மேனேஜர் வாயைத் திறந்தாலே திட்டுவான், எல்லாம் அதில் தெரிந்துவிடும். கம்பெனி சொல்லாததை இவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னதை வைத்து நான் பிழைத்துக்கொண்டேன். நானாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நம்மூர் டிரைவர்கள் போடுவதும் வரும். அடுத்த நாள் அப்படி ஒன்று வந்தது. தண்ணி லாரியின் டிரைவர் சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும், காக்கிச் சட்டை, தோளில் துண்டு. போனை ஸ்டியரிங் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பேசுகிறான்.

"வணக்கம் நண்பர்களே. எம்பேரு ஏழுமலை. செவுத்தாண்ட ஒருத்தன் ஒண்ணுக்குப் போற வீடியோ ஒண்ணு சுத்திகினுகீது பாரு, அது நான்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த பில்டிங்குக்கு ஒரு நாளிக்கு மூணு லோடு எறக்கறேன். ஒரு லோடு பன்னெண்டாயிரம் லிட்டர். எறக்கி முடிக்க முக்கா மணி நேரம் ஆவுது. கீய வாட்ச்மேன் ரூமாண்ட ஒரு கக்கூஸ் கீது. பூட்டிகீது. தொறங்கன்னா, செக்ரட்டரி குடுக்கக் கூடாதுன்ட்டாருன்றாங்க. அந்தக் கக்கூஸ்ல வர்ற தண்ணி யாரு ஊத்துனது? நான் ஊத்துனது. அறுவது வூட்டு கக்கூஸுக்கும் நான்தான் தண்ணி ஊத்தறேன். எனுக்கு ஒரு பக்கெட் கெடியாதா? அங்க ஹவுஸ்கீப்பிங் அக்காங்க ரெண்டு பேரு கீறாங்க. அவங்க எங்க போறாங்கன்னு யார்னா கேட்டீங்களா?"

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. வண்டிக்கு வெளியே கேமராவைத் திருப்பினான். பச்சை கேட், வாசலில் இரண்டு பூந்தொட்டி. கட்டடத்தின் பெயரை அவன் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையில்லை.

குரூப்பைத் திறந்து, முந்தின நாள் செய்தியை முதல் முறையாகப் படித்தேன். கண்காணிப்புக் கேமராவில் எடுத்த வீடியோவைப் போட்டு, கீழே சபாபதி எழுதியிருந்தார்: 'நமது சுற்றுச்சுவரை அசுத்தம் செய்த இந்த டிரைவரை இனி அனுமதிக்கக் கூடாது என்றும், அவரை வேலையிலிருந்து நீக்க லாரி உரிமையாளரிடம் வலியுறுத்த வேண்டும் என்றும் தீர்மானிக்கப்படுகிறது. சம்மதிப்பவர்கள் கட்டைவிரல் போடவும்.' அதற்குக் கீழே கட்டைவிரல் போட்டவர்களின் பட்டியல். மேலிருந்து நான்காவது பெயர் என்னுடையது. பாட்டிலை மூடிய கையோடு நான் போட்ட கட்டைவிரல்.

4

சபாபதியைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரைவிட்டுக் கிளம்பும்வரை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் குடோனில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆடித் தள்ளுபடிக்கு ஈரோட்டிலிருந்து பேல் பேலாகத் துணி வரும். அப்படி ஒரு மத்தியானம் வேன் ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உள்ளார பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். "அதெல்லாம் கஸ்டமருக்கு மட்டும்தான். ஸ்டேஷன் பக்கம் போங்க" என்றேன். அது முதலாளி போட்ட உத்தரவுகூட இல்லை. நானாகச் சொன்னது. அவர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் புகுந்து மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் போய் வருவதற்குள் போக்குவரத்துப் போலீஸ் வந்து வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். திரும்பி வந்த பெரியவரைக் கடை வாசலில், எல்லாரும் பார்க்க, நான் திட்டினேன். "வண்டிய வுட்டுட்டு எங்கய்யா ஊர் சுத்தப் போன?" என்று கேட்டேன். எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் கையிலும் போன் இருந்தது, பட்டன் போன், ஈரோட்டுக்குப் பேச மட்டும் உதவியது. ஏழுமலை இன்றைக்குப் பேசுவதை அவர் அன்றைக்குப் பேசியிருந்தால் என் வண்டவாளம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும்.

5

வாட்ச்மேன் கோவிந்தனைக் கூப்பிட்டேன். தண்ணீர் லோடு சொல்வது அவர் வேலை என்பதால் ஏழுமலையின் நம்பர் அவரிடம் இருந்தது. "சார், நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க சார்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கொடுத்தார். எனக்குக் காலை, ஏழுமலைக்குச் சாயங்காலம். எடுத்தவுடனேயே சொல்லிவிட்டேன், அந்தக் கட்டடத்தில் எனக்கும் வீடு இருக்கிறது, உன்னை வேலையைவிட்டு எடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்று.

"சரி சார்," என்றான். "இப்ப இன்னா வோணும்? வீடியோவ அழிக்கணுமா? அதான் லாரி ஓனரு காலைலேந்து சொல்லிகினுகீறாரே."

வண்டியைவிட்டு இறக்கிவிட்டார்களாம். வீடியோவை அழிக்க வேண்டும், செக்ரட்டரி முன்னால் நின்று மன்னிப்பு கேட்டு அதையும் வீடியோவாகப் போட வேண்டும், அப்போதுதான் வண்டிச் சாவி திரும்பக் கிடைக்கும் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். நேற்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வண்டியை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

வீடியோவை அழிக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை, மன்னிப்பு கேட்கக் கூப்பிட்டேன் என்றேன். அவன் நம்பவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்புறம்தான் சொன்னேன், நானும் லாரி டிரைவர்தான் என்று.

"கனடாலயா?"

"கனடாலதான்."

"அங்க எங்க சார் போவீங்க?"

"சில எடத்துல விடுவாங்க. விடலன்னா பாட்டில்தான்."

சிரித்தான். கேலியாகத்தான் சிரித்தான், ஆனாலும் அதில் கோபம் குறைந்திருந்தது. "அட இன்னா ணா நீ. அம்மாந்தூரம் போயும் பாட்டிலா? சரி, நீ வீடியோ போட்டியா?"

"இல்லப்பா."

"ஏன்?"

"வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

"எனுக்குந்தான் ஆயிட்சி," என்றான். "வண்டியில்ல. அதுக்குன்னு கம்முனு இருக்க முடியுமா ணா?"

சட்டமும் சங்கமும் புகார் சொல்லத் தனி எண்ணும் இருக்கிற தேசத்தில், பதினோரு வருடமாக நான் கம்மென்று இருந்திருக்கிறேன். ஒரு சட்டையைத் துவைத்து மறு சட்டை போடுகிற ஒருவன் என்னிடம் கேட்கிறான், ஏன் என்று.

6

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரைவரைப் பற்றி இல்லை, நான் குரூப்பில் எழுதப்போவதைப் பற்றி. "அந்த பில்டிங்லதாங்க எங்க சித்தி பையனும் இருக்கான். நீங்க மேனேஜர்னு எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நான் என்ன பண்றது?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

மகள் ரீனாவுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் பாதித் தமிழில் பதில் சொல்வாள், மீதிக்குத் தோளைக் குலுக்குவாள். நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதைத் தவிர சமீபத்தில் எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, படிக்காமயே லைக் போட்டீங்களா?"

"ஆமா."

"அந்த அங்கிள் வேலை போச்சா?"

"போச்சு."

"பாட்டில் விஷயம் ஏன் எங்ககிட்ட சொல்லல? ட்ரக்கர்ஸ் எல்லாரும்தானே ஓப்பனா பேசறாங்க. நான் பாத்திருக்கேன். நீங்க மட்டும் லாஜிஸ்டிக்ஸ்." கடைசி வார்த்தையை நான் சொல்வது போலவே நீட்டிச் சொன்னாள். ஸ்டெல்லா அவளை அதட்டினாள். நான் அதட்டவில்லை. என் மகள் எனக்காகக் கோபப்படுகிறாளா, என் மேல் கோபப்படுகிறாளா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, இரண்டும் இருந்தது.

குரூப்பில் எழுதினேன். கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நான் லாரி டிரைவர், நேற்று முன்தினம் எனக்கும் கழிப்பறை மறுக்கப்பட்டது, நான் பாட்டிலில் போனேன், உங்கள் சுவர் நனைந்ததற்கு நீங்கள் போட்ட பூட்டுதான் காரணம், பூட்டைத் திறந்துவிட்டு அந்த மனிதரைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள் என்று எழுதினேன். லாரி முன்னால் நிற்கும் என் படத்தையும் போட்டேன்.

ஒருவரும் பதில் எழுதவில்லை. மச்சான், அதாவது ஸ்டெல்லாவின் சித்தி பையன், தனியாக ஒரு கேள்விக்குறி அனுப்பினான். ஒரு மணி நேரம் கழித்து சபாபதி எழுதினார்: 'தனிப்பட்ட விஷயங்களைக் குரூப்பில் தவிர்க்கவும்.' அதற்கு இருபது கட்டைவிரல்.

அடுத்த வாரம் அதே கிடங்குக்குச் சரக்கோடு போனேன். அதே காகிதம், அதே நெற்றிச் சுருக்கம். போனை எடுத்து, கதவையும் காகிதத்தையும் என் முகத்தையும் எடுத்து, பெயர் சொல்லிப் பேசினேன். இரண்டு இடத்தில் இங்கிலீஷ் குளறியது, அப்படியே போட்டுவிட்டேன். எனக்கு வேலை ஒதுக்கும் டிஸ்பாட்சர் அன்றைக்கே இரண்டு முறை கூப்பிட்டார். மேலிடத்தில் பேச வேண்டுமாம். பேசுவேன். வீடியோ இருக்கிறது.

7

இதற்குள் ஊரில் நடந்ததற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. எல்லாம் டிரைவர்கள் செய்தது.

ஏழுமலையின் வீடியோவுக்குக் கீழே மற்றத் தண்ணி லாரிக்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அடையாறில் ஒரு கட்டடம், கோட்டூர்புரத்தில் ஒரு கட்டடம், மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று ஆளாளுக்கு ஒரு பூட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள். பச்சை கேட் எது என்பது அவர்களுக்குள் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. உரிமையாளர் அந்தக் கட்டடத்துக்கு வேறு டிரைவரை அனுப்பினார். அவன் வேண்டாம் என்றான். இன்னொருவனைக் கூப்பிட்டார். அவன் போனையே எடுக்கவில்லை. சபாபதி வேறு இரண்டு தண்ணி லாரிக்காரர்களுக்குப் பேசினார். கட்டடத்தின் பெயரைக் கேட்டதும் அவர்களும் வண்டி இல்லை என்றார்கள்.

வேளச்சேரியில் மே மாதம். போர்வெல் காற்று வாங்குகிறது. முதல் நாள் குரூப்பில் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று வந்தது. மறுநாள் காலை, யார் வீட்டில் இன்னும் தண்ணீர் வருகிறது என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டார்கள். மத்தியானம் ஒரு அம்மாள் எழுதினார்: 'வீட்டில் வயசானவங்க இருக்காங்க. டாய்லெட்டுக்குக்கூடத் தண்ணி இல்ல. என்னதான் பண்றது?'

படித்துவிட்டு எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். அந்த அம்மாளுக்காக இரக்கம் வந்தது. மற்றவர்களுக்காக வரவில்லை.

அன்றைக்குச் சபாபதி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். 'சேவியர் சார், உங்களுக்கு டிரைவர்கள் பக்கம் பழக்கம் இருக்கும்போலிருக்கிறது. கொஞ்சம் பேசிப் பார்க்க முடியுமா?' மூன்று நாளைக்கு முன்னால் தனிப்பட்ட விஷயமாக இருந்தது, இப்போது பழக்கமாகிவிட்டது. பேசினேன். ஏழுமலை சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் குரூப்பிலேயே போட்டேன். பூட்டை எடுக்கணும். டிரைவர், ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, கொரியர் பசங்க, யார் வந்தாலும் போகலாம். மன்னிப்புக் கேட்கிற வீடியோ கிடையாது. போட்ட வீடியோ போட்டபடி இருக்கும்.

சபாபதி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். 'முதல் மூன்றும் சரி. அந்த வீடியோவை மட்டும் நீக்கிவிட்டால் கட்டடத்தின் பெயருக்கு நல்லது.' அதை ஏழுமலையிடம் சொன்னேன். "அது மட்டும் நடக்காது ணா," என்றான். "அத எடுத்துட்டா நாளிக்கே திரும்பப் பூட்டுவாங்க."

சபாபதி தீர்மானம் போடவில்லை. கட்டைவிரல் கேட்கவும் இல்லை. கோவிந்தனிடம் பூட்டை எடுக்கச் சொன்னார். லாரி உரிமையாளருக்குப் போன் செய்து, அந்த டிரைவரையே அனுப்புங்கள் என்றார்.

மறுநாள் காலை ஏழுமலை வண்டியோடு வந்ததைக் கோவிந்தன்தான் எனக்குப் போனில் சொன்னார். பால்கனி முழுக்க ஆட்கள் நின்றார்களாம். கையில் பக்கெட்டோடு சிலர் கீழேயே இறங்கி வந்துவிட்டார்களாம். சபாபதியே கேட்டைத் திறந்துவிட்டு, சம்ப் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஏழுமலை வண்டியை நிறுத்தினான், இன்ஜினை அணைத்தான், இறங்கினான். ஹோஸைத் தொடவில்லை.

"என்னப்பா, போடு," என்றிருக்கிறார் சபாபதி.

"மொதல்ல நான் போய்ட்டு வரேன் சார்," என்றானாம் ஏழுமலை. "அப்பால உங்குளுக்கு."

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டானாம். அவன் வெளியே வரும்வரை அறுபது வீடும் நின்றிருக்கிறது.